சலங்கு வரவில்லை

எங்கள் காரியாலயத்துச் சிப்பந்திகளுக்கு நடுவே திடீரென்று ஒரு வீர உணர்ச்சி பிறந்தது. பிழை திருத்துகிற இளைஞர் ஒருவர் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். ரிஷிகேசத்துக் கங்கையில், பாறைகளுக்கு நடுவே நுரைத்துப் பாய்கிற வெள்ளத்தில், ரப்பர்ப் படகில் எட்டுப் பேர் துடுப்பும் கையுமாக அலறிக் கொண்டிருந்தார்கள். அவ்வளவுதான். நாமும் இப்படி ஒரு நாள் அலற வேண்டும் என்று எல்லாருக்கும் ஆசை வந்துவிட்டது. கணக்கர் மட்டும் பெட்டிச் சாவியை இடுப்பில் தொட்டுப் பார்த்துக்கொண்டு, "ரிஷிகேசத்துக்கு எத்தனை பேருக்கு ரயில் சார்ஜ்?" என்று கேட்டார். ஆசை அங்கேயே பாதி வற்றிப் போயிற்று. மீதிப் பாதிக்குத்தான் புதுச்சேரி. காலையில் புறப்பட்டால் இரவு வீடு திரும்பிவிடலாம், அலையும் உண்டு.

புதுச்சேரி என்றவுடன் கங்கையைப் பற்றிய ஏக்கம் எனக்குப் போய்விட்டது. மிதவை ஏறி நுரையைத் தாண்டுகிற வித்தைக்கு நம்முடைய கடற்கரையைவிடப் பழைய பள்ளிக்கூடம் எங்கே இருக்கிறது? இரண்டு மூன்று மரத் துண்டுகளைக் கயிற்றால் கட்டி அலைமேல் ஓட்டுகிற நம் மீனவர்களைக் கண்டு வெள்ளைக்காரர்கள் வியந்தார்கள். 1697-ஆம் வருஷம் வெளிவந்த தம் பிரயாண நூலில் வில்லியம் டாம்பியர் என்கிற ஆங்கில மாலுமி, சோழமண்டலக் கரையில் இதற்குக் 'கட்டுமரம்' என்று பெயர் என எழுதி வைத்தார். இன்று பெரும் பணக்காரர்கள் ஏறி உலாவுகிற இரட்டை உடல் உல்லாசப் படகுக்கும் அந்தப் பெயர்தான். அந்தப் பணக்காரர்களிடம் போய், ஐயா, உங்கள் படகின் பெயர் எங்கள் குப்பத்தில் பிறந்தது என்று சொன்னால் நம்புவார்களோ என்னவோ.

நான் சொல்ல வந்தது கட்டுமரத்தைப் பற்றி அல்ல. அதன் அண்ணன் ஒருவனைப் பற்றி. அவனுக்குச் சலங்கு என்று பெயர். ஆங்கிலேயர்கள் மசூலா படகு என்றார்கள். புதுச்சேரிப் பிரெஞ்சுக்காரர்கள் நம் சொல்லையே எடுத்துக்கொண்டு 'ஷெலாங்' என்று மூக்கால் உச்சரித்தார்கள்.

புதுச்சேரிக்கு இயற்கையான துறைமுகம் கிடையாது. சென்னைக்கும் அன்று கிடையாது. ஐரோப்பாவிலிருந்து வந்த கப்பல்கள் கரைக்கு வெகு தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். கப்பலுக்கும் கரைக்கும் நடுவே ஒன்றன்பின் ஒன்றாக அலைகள் உடையும். கப்பலோடு வந்த கெட்டியான ஓக் மரப் படகில் இறங்கி அந்த நுரைக்குள் புகுந்தவர்கள் பலர் பொழுது சாய்வதற்குள் மீனுக்கு இரையானார்கள். ஆணி அடித்த படகு விறைப்பாக நிற்கும். அலை அதைத் தூக்கி மணலில் அறைந்தால் பலகை பிளந்துவிடும். சலங்குக்கு ஆணியே கிடையாது. பலகைகளைத் தென்னங் கயிற்றால் துணி தைப்பது போல் தைத்திருப்பார்கள். உள்ளே விலா எலும்பு மாதிரி குறுக்குச் சட்டங்களும் இல்லை. அலை அறைந்தால் படகு உடம்பை நெளித்துக் கொடுக்கும், தண்ணீர் கசியும், இறைத்துக் கொட்டுவார்கள், உடையாது. பின்புறம் தண்டல் நின்று நீண்ட துடுப்பால் திசை பிடிப்பார். முன்னால் பத்துப் பேர் போலத் துடுப்பு வலிப்பார்கள். படகு கவிழ்ந்தால் விழுந்தவர்களை அள்ளிக்கொள்ளக் கட்டுமரங்கள் கூடவே வரும்.

வெள்ளிக் கட்டிகளும், ஒயின் பீப்பாய்களும், குதிரைகளும், கவர்னர்களும், கவர்னர்களின் மனைவிமார்களும் எல்லாரும் சலங்கில் ஏறித்தான் புதுச்சேரி மண்ணை மிதித்தார்கள். ஆனந்தரங்கப் பிள்ளை 1736-இல் தொடங்கி எழுதிய நாட்குறிப்பைப் புரட்டினால், கப்பல் வந்ததும், கோட்டையில் இத்தனை பீரங்கி போட்டதும் மறுபடி மறுபடி வரும். சாம்ராஜ்யம் எவ்வளவு பெரியதானாலும் கடைசி ஒரு மைல் தூரம் அது நம் படகுக்காரர்களின் கையில்தான் இருந்தது.

அது எவ்வளவு உண்மை என்பதை லாலி என்கிற தளபதி 1761-ஆம் வருஷம் ஜனவரி மாதத்தில் உணர்ந்தார்.

லாலி அயர்லாந்து வம்சத்தவர். பிரெஞ்சு ராஜாவின் சேவகர். 1758 ஏப்ரலில் புதுச்சேரியில் வந்து இறங்கினார். வீரர்தான், சந்தேகமில்லை. ஆனால் ஊர் வழக்கம் என்று ஒன்று உண்டு என்பதே அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் நினைக்கவில்லை. மூட்டை சுமக்கவும் வண்டி இழுக்கவும் ஆள் போதவில்லை என்று குடிமக்களை ஜாதி, மரியாதை, வயது ஒன்றும் பாராமல் பிடித்து வேலை வாங்கினார். ஜனங்களின் மனம் அன்றே விட்டுப் போயிற்று. சென்னையை முற்றுகையிட்டார், 1759 பிப்ரவரியில் ஆங்கிலக் கப்பல்கள் வந்ததும் பின்வாங்கினார். 1760 ஜனவரி 22 அன்று வந்தவாசியில் அயர் கூட்டிடம் தோற்றார். பிரெஞ்சுக் கடற்படை அதற்கு முன்பே இந்தக் கரையை விட்டுப் போயிருந்தது. திரும்பி வரவே இல்லை. தரையில் கூட்டின் சேனையும் கடலில் ஆங்கிலக் கப்பல்களும் புதுச்சேரியை நெருக்கிப் பிடித்தன.

நவம்பர் கடைசியில் கோட்டைக்குள் தானியம் குறைந்தது. லாலி ஒரு காரியம் செய்தார். ஊரில் மிஞ்சியிருந்த தமிழ் ஜனங்கள், ஆணும் பெண்ணும் குழந்தையுமாகச் சுமார் 1,400 பேரை வெளியே விரட்டினார். அந்தப் பக்கம் போனால் ஆங்கிலேயர் தடுத்தார்கள். திரும்பி வந்தால் கோட்டையிலிருந்து சுட்டார்கள். இரண்டு சேனைகளுக்கும் நடுவே, வேலி ஓரத்தில், வயலில் கிடைத்த கிழங்கையும் வேரையும் பிடுங்கித் தின்றுகொண்டு அவர்கள் எட்டு நாள் கிடந்தார்கள். பிறகுதான் கூட்டுக்கு மனம் இளகி வழி விட்டார். சரித்திரப் புத்தகங்களில் இதற்கு ஒரு பத்திக்கு மேல் இடம் கிடையாது. வந்தவாசிச் சண்டைக்கு வரைபடம் எல்லாம் உண்டு.

1761 ஜனவரி முதல் தேதி புயல் அடித்தது. முற்றுகையிட்டிருந்த ஆங்கிலக் கப்பல்களைக் கடல் சுழற்றியது. 'சண்டர்லண்ட்', 'டியூக் டி அக்விடேன்' என்கிற பெரிய கப்பல்கள் ஏறக்குறைய எல்லா ஆட்களுடனும் மூழ்கின. 'நியூகாசில்' உள்படச் சில கப்பல்கள் புதுச்சேரிக்குத் தெற்கே கரை தட்டின. பாய்மரம் முறிந்து நின்றவை வேறு. உயிர் விட்டவர்கள் ஆயிரத்துக்கும் மேல். பொழுது விடிந்து லாலி கடலைப் பார்த்தார். பல மாதமாக அடைத்துக் கிடந்த வாசல் திறந்து கிடந்தது.

ஜனவரி 2-ஆம் தேதி அவர் பழவேற்காட்டில் இருந்த பிரெஞ்சுப் பிரதிநிதி ரேமோனுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஆங்கிலேயரின் கப்பல் படை ஒழிந்தது என்றார். கொஞ்சம் மிகைப்படுத்தித்தான் சொன்னார். பசித்தவர் கணக்கு அப்படித்தான் இருக்கும். ஒரு நொடியும் வீணாக்காமல் சலங்கு மேல் சலங்காக அரிசி ஏற்றி அனுப்பு, படகுக்காரர்களுக்கு எவ்வளவு வெகுமானம் வேண்டுமானாலும் கொடுப்பதாகச் சொல், சின்னச் சலங்குகளையும் விடாதே, அரைக் கரிசை அரைக் கரிசையாகவாவது அனுப்பு என்று மன்றாடினார்.

இந்தக் கடிதத்தை முதல் தடவை படித்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். இந்த நாட்டு ஜனங்களை மூட்டை தூக்கும் மிருகமாகவே பார்த்த மனிதர் அவர். உயிர் ஊசலாடுகிற வேளையில் அவர் பேனாவிலிருந்து இறங்கிய சொற்களில் இரண்டு தமிழ்: சலங்கு, கரிசை.

கடிதம் ஆங்கிலேயர் கையில் சிக்கியது. புயலுக்குத் தப்பிய கப்பல்களைத் திரட்டிக்கொண்டு அட்மிரல் ஸ்டீவன்ஸ் ஒரு வாரத்துக்குள் மறுபடியும் வாசலை அடைத்துவிட்டார். சலங்கு வரவில்லை. ஜனவரி 16 அன்று புதுச்சேரி சரணடைந்தது. ஆனந்தரங்கப் பிள்ளையும் அதே மாதத்தில் கண்ணை மூடினார். வென்றவர்கள் கோட்டையையும் ஊரையும் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். லாலிக்குப் பிரான்சில் துரோகி என்று பட்டம் கட்டி, 1766 மே மாதம் பாரிஸில் தலையை வெட்டினார்கள். அவர் துரோகி அல்ல என்று வால்டேர் பிற்பாடு வாதாடினார். நானும் அந்தக் கட்சிதான். துரோகம் செய்வதற்கும் கொஞ்சம் சாமர்த்தியம் வேண்டும்.

சலங்கின் கதை 1860-களில் தேயத் தொடங்கியது. பிரெஞ்சுக்காரர்கள் கடலுக்குள் நீளும் இரும்புத் துறைமேடை ஒன்று கட்டினார்கள். 1952-ஆம் வருஷப் புயல் அந்த மேடையையும் கொண்டுபோயிற்று. காந்தி சிலைக்கு எதிரே, கறுத்த பல் வரிசை மாதிரி தண்ணீரில் அதன் கால்கள் நிற்பதை இன்றும் பார்க்கலாம். நாங்கள் அங்கே போனபோது அதன் முன்னால் நின்று எல்லாரும் படம் எடுத்துக்கொண்டார்கள்.

அந்த இடத்தில் படகு இறக்க முடியாது. கரை நெடுகக் கடல் அரிப்புக்காகப் பாறை கொட்டியிருக்கிறார்கள். எனவே அரியாங்குப்பத்து ஆற்றுக்குத் தெற்கே வீராம்பட்டினம் போனோம். ஆடித் தேருக்குப் பெயர் பெற்ற ஊர். பிரெஞ்சு கவர்னரே வந்து தேர் வடம் பிடித்த ஊர். (லாலி வடம் பிடித்திருந்தால் ஒருவேளை சலங்கு வந்திருக்குமோ?) மணல் அகலமாக இருந்தது. ஒரு பெரியவர், மோட்டார் வைத்த ஃபைபர் படகு ஒன்றில் எங்களை ஏற்றிக்கொள்ளச் சம்மதித்தார்.

இளைஞர் முன்னால் உட்கார்ந்தார். கணக்கர் நடுவில் உட்கார்ந்து இரு பக்கத்துப் பலகையையும் பிடித்துக்கொண்டார். அவருக்கு நீந்தத் தெரியாது என்கிற விஷயம் அப்போதுதான் வெளியாயிற்று. படகைத் தள்ளி இறக்கியவர்கள் இடுப்பளவு தண்ணீரில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பெரியவர் மோட்டாரைத் தொடவே இல்லை, கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் பெரியவரே, போகலாமே?" என்றார் இளைஞர்.

"இருங்க தம்பி. பெருசா மூணு வருது. அது போவட்டும்."

மூன்றும் வந்தன. மூன்றாவது அலை படகின் மூக்கைத் தூக்கியபோது எனக்கு வானம் மட்டும்தான் தெரிந்தது. வாயெல்லாம் உப்பு. ரிஷிகேசத்துப் படத்தில் பார்த்த அலறல் எங்களுக்கும் தானாகவே வந்தது. அதற்குப் பயிற்சி எதுவும் தேவைப்படவில்லை. அடுத்த கணம் பெரியவர் "விடு!" என்றார், மோட்டார் உறுமிற்று, படகு நுரையைக் கிழித்துக்கொண்டு அமைதியான தண்ணீருக்கு வந்துவிட்டது. பின்னால் திரும்பிப் பார்த்தால் கரை கையகலம் இருந்தது.

அங்கே வைத்துத்தான் லாலியின் கடிதத்தை எல்லாருக்கும் சொன்னேன். பெரியவரிடம், சலங்கு பார்த்ததுண்டா என்று கேட்டேன்.

"தைச்ச படகுதானே? எங்க தாத்தா சொல்லுவாரு. நான் பாக்கல."

கணக்கருக்கு இப்போது முகத்தில் ரத்தம் திரும்பியிருந்தது. "அரைக் கரிசை என்றால் எவ்வளவு?" என்றார்.

"கரிசைக்கு 400 மரக்கால். மரக்காலுக்கு 8 படி."

அவர் விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். "அரைக் கரிசை 1,600 படி. ஆளுக்குக் கால் படி வைத்தால், 6,400 பேருக்கு ஒரு வேளைச் சோறு." சற்று நிறுத்தி, "இரண்டு டன் இருக்குமே, சார். ஒரு படகு அதைத் தாங்குமா?" என்று பெரியவரைப் பார்த்துக் கேட்டார்.

"ஏத்திடலாம் சார்," என்றார் பெரியவர், மோட்டாரைத் திருப்பிக்கொண்டே. "புயல் அடிச்ச மறுநாளா? அன்னிக்கு இந்த அலை இப்படி இருக்காதே. யாரு எறங்குவா?"

கரை நெருங்கிற்று. பெரியவர் மறுபடியும் மோட்டாரைத் தணித்துவிட்டு, எங்கள் பின்னால் எழும்புகிற அலைகளைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்.