வெள்ளைக் கரும்புக்கும் காட்டுப்புல்லுக்கும் பிறந்த பிள்ளை

கரும்பு பூத்துவிட்டால் விவசாயிக்குப் பிடிக்காது. பூங்கதிர் தலைகாட்டியதும் வளர்ச்சி நின்றுவிடும். வெட்டாமல் விட்டால் தண்டில் நெட்டி பாயும், சாறு குறையும், ஆலையின் எடைமேடையில் அது தெரிந்துவிடும். நான் சர்க்கரை ஆலையில் கரும்பு அலுவலராக இருந்த காலத்தில், "பூ வந்துடுச்சு சார், வெட்டு உத்தரவு எப்பக் குடுப்பீங்க?" என்று கேட்டுக்கொண்டு வாசலில் வந்து நிற்பார்கள். அவர்கள் கவலைப்பட்ட அதே பூவுக்காகத்தான் 1912-இல் கோயம்புத்தூரில் கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கப்பட்டது. வட இந்தியாவில் கரும்பு பூப்பது அரிது. பூத்தாலும் குளிரில் விதை பிடிக்காது. கோயம்புத்தூரில் ஐப்பசி, கார்த்திகையில் கரும்பு தாராளமாகப் பூக்கிறது, விதையும் கட்டுகிறது. பயிர் பெரும்பாலும் விளைந்தது கங்கைச் சமவெளியில். அதற்கான நிலையத்தை இவ்வளவு தெற்கே கொண்டுவந்து வைத்ததற்கு இதுதான் காரணம்.

கரும்பை யாரும் விதை தூவிப் பயிரிடுவதில்லை. கரணை வெட்டிப் பாரில் பதிக்கிறோம், பருவிலிருந்து முளை வருகிறது. அப்படி வருவது புதிய பிள்ளை அல்ல, அதே பழைய கரும்புதான். அதியமானின் முன்னோர் இந்த நாட்டுக்குக் கரும்பைக் கொண்டுவந்தார்கள் என்று புறநானூறு சொல்கிறது. அந்தக் காலத்திலிருந்து நம் கழனிகளில் கரும்பு கரணையாகத்தான் கைமாறி வந்திருக்கிறது. "இது எங்கப்பா வச்ச கரும்பு" என்று ஒரு பெரியவர் தோட்டத்தைக் காட்டிச் சொன்னால், அது சொல்லுக்குச் சொல் உண்மை. அவர் அப்பா நட்ட செடியின் உடம்புதான் இன்னமும் அங்கே நிற்கிறது.

இந்த வழியில் ஒரு பெரிய வசதி உண்டு: நல்ல கரும்பு ஒன்று கிடைத்துவிட்டால் அதன் குணம் மாறாமல் எத்தனை ஏக்கருக்கும் பெருக்கலாம். ஆபத்தும் அதே இடத்தில்தான். ஓர் ஊர் முழுக்க நிற்பது ஒரே செடி என்றால், அதைக் கொல்லத் தெரிந்த நோய்க்கு ஊரே ஒரு கவளம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் கோதாவரிப் படுகையில் செவ்வழுகல் நோய் வந்து கரும்பைச் சூறையாடியது. அதற்காகவே சாமல்கோட்டில் ஒரு பண்ணை தொடங்கினார்கள். சென்னை மாகாண அரசின் தாவரவியலாளராக 1898-இல் வந்த சார்லஸ் ஆல்ஃப்ரெட் பார்பர் அங்கே கரும்பு படித்தார். பிறகு கோயம்புத்தூர் நிலையத்தின் முதல் நிபுணரானார். ஜாவாவிலும் செரே என்ற நோயால் டச்சுக்காரர்களின் தோட்டங்கள் அழிந்துகொண்டிருந்தன. கரும்பு விதை முளைக்காது என்பதுதான் அதுவரை பெரும்பாலோர் நம்பிக்கை. 1880களின் பிற்பாதியில் ஜாவாவில் சோல்ட்வெடலும், பார்படாஸ் தீவில் ஹாரிசனும் பொவெலும் தனித்தனியே அது முளைக்கும் என்று காட்டினார்கள். கரும்பு வரலாற்றில் இதற்கு இணையான திருப்பம் வேறில்லை என்பேன். விதை முளைக்கும் என்றால் ஒரு கரும்புக்குத் தாயும் தந்தையும் யார் என்பதை நாம் தீர்மானிக்கலாம்.

ஆனால் தாயும் தந்தையும் பிள்ளைக்கு எதைத் தருகிறார்கள்? பாலில் தண்ணீர் கலந்தாற்போல இரண்டு பேர் குணமும் கலந்து நடுத்தரமாக வரும் என்றுதான் உலகம் வெகுகாலம் நினைத்திருந்தது. இன்றைய செக் நாட்டிலுள்ள புருனோ நகரத்து மடத்தில் கிரெகர் மெண்டல் என்ற துறவி, 1856 முதல் எட்டு ஆண்டுகள் பட்டாணிச் செடிகளைக் கலந்து, ஒவ்வொரு விதையாக எண்ணிப் பார்த்தார். உருண்டை விதைச் செடியையும் சுருங்கிய விதைச் செடியையும் சேர்த்தபோது முதல் தலைமுறை முழுதும் உருண்டை. அரைச்சுருக்கமாக ஒன்றுகூட இல்லை. அந்தத் தலைமுறையைத் தன்னோடு தானே சேரவிட்டபோது 7,324 விதைகள் கிடைத்தன. அதில் 5,474 உருண்டை, 1,850 சுருக்கம். காணாமல் போன சுருக்கம் பேரப்பிள்ளைகளில் துளியும் தேயாமல், ஏறக்குறைய நாலில் ஒரு பங்காகத் திரும்பி வந்து நின்றது.

மெண்டல் இதிலிருந்து கண்ட முடிவு எளிமையானது. ஒவ்வொரு குணத்துக்கும் செடிக்குள் இரண்டு காரணிகள் உண்டு, தாய் தந்தது ஒன்று, தந்தை தந்தது ஒன்று. ஒன்று ஓங்கி நிற்கலாம், மற்றது ஒடுங்கிக் கிடக்கலாம். ஆனால் இரண்டும் கரைந்து ஒன்றாவதில்லை. அடுத்த தலைமுறைக்குப் போகும்போது இரண்டும் பிரிந்து, ஏதாவது ஒன்றுதான் கைமாறும். 1865-இல் இதைப் புருனோவில் இரண்டு கூட்டங்களில் வாசித்தார், மறு ஆண்டு அச்சிலும் வந்தது. யாரும் பொருட்படுத்தவில்லை. 1884-இல் அவர் இறந்து, 1900-இல் டி விரீஸ், கோரென்ஸ், செர்மாக் என்ற மூன்று பேர் தனித்தனியே அதே விதியைக் கண்ட பிறகுதான் உலகம் அவரைத் தேடிப் படித்தது. கோயம்புத்தூர் நிலையம் தொடங்கியபோது மரபியல் என்ற துறைக்கு வயது பன்னிரண்டு.

பார்பருக்கு உதவியாளராகச் சேர்ந்தவர் டி. எஸ். வெங்கட்ராமன். சேலத்தில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, 28 வயதில் இந்த வேலைக்கு வந்தவர். அவர்கள் முன்னே இருந்த கேள்வி இது. வடக்கே பனியையும் வறட்சியையும் தாங்கி நின்ற நாட்டுக் கரும்புகள் நாணல்போல ஒல்லியானவை, மகசூல் சொற்பம். தெற்கே இருந்த தடித்த கரும்புகளில் சாறும் இனிப்பும் உண்டு. பஞ்சாபின் குளிரில் அவை நிற்காது. தடிமனும் தாங்குசக்தியும் ஒரே தண்டில் வர வேண்டும். இதற்காக அவர்கள் தேர்ந்தெடுத்த தாய், நம் விவசாயிகள் வெள்ளை என்று பெயரிட்டு வளர்த்த தடித்த கரும்பு. தந்தை, கோயம்புத்தூர்ப் பக்கம் வாய்க்கால் ஓரங்களில் யாரும் நடாமல் தானே வளர்ந்து கிடந்த காட்டுப்புல். சக்காரம் ஸ்பான்டேனியம் என்பது அதன் அறிவியல் பெயர். விரல் தடிமன்கூட இல்லாத, சக்கையாக இருக்கும், மென்றால் இனிப்பே தெரியாத புல். விவசாயி பிடுங்கி எறிகிற களையைக் கொண்டுபோய் இனிப்புக் கரும்போடு சேர்க்கலாம் என்று நினைத்ததை, என்னைக் கேட்டால், அந்தக் காலத்தின் மிகத் துணிச்சலான யோசனை என்பேன்.

அந்தக் கலப்பில் பிறந்த ஒரு நாற்றுதான் கோ 205. 1918-இல் பஞ்சாபுக்குப் போனது. 'கோ' என்பது கோயம்புத்தூர். பஞ்சாபில் அது நாட்டுக் கரும்புகளை விஞ்சி விளைந்தது. தண்டு மெலிசுதான், நார் கடினம்தான், அது தந்தை வழி. ஆனால் தூர் கட்டும் வலுவும் தாங்குசக்தியும் கூடவே வந்தன, அதுவும் தந்தை வழி. தாயிடமிருந்து சர்க்கரை.

பட்டாணியில் உருண்டை, சுருக்கம் என்று பிரித்துவிடலாம். கரும்பில் அப்படி முடியாது. பட்டாணிச் செடியின் ஒவ்வொரு உயிரணுவிலும் காரணிகளைச் சுமக்கும் 14 குரோமோசோம்கள், ஏழு ஜோடிகள். வெள்ளையில் 80. அதுவும் ஜோடி ஜோடியாக அல்ல, ஒவ்வொன்றும் எட்டுப் பிரதிகளாக. எனவே ஒரு குணத்துக்கு இரண்டு காரணிகள் என்ற கணக்கு இங்கே எட்டாக விரிகிறது. இனிப்பும் ஒரு காரணியால் ஆனது அல்ல, பல காரணிகள் சேர்ந்து ஏற்றி இறக்குவது. மெண்டல் சொன்ன மூன்றுக்கு ஒன்று கரும்புத் தோட்டத்தில் கண்ணுக்குத் தெரியாது. விதி பொய்த்துவிடவில்லை. அதே சீட்டுகள்தான், கட்டு பெரிதாகிவிட்டதால் ஒவ்வொரு பிள்ளை கையிலும் வேறு வேறு சேர்க்கை வருகிறது.

பயிற்சிக்காக அந்த நிலையத்துக்குப் போனபோது இதை நேரில் பார்த்தேன். ஒரே பூங்கதிரின் விதையிலிருந்து முளைத்த நாற்றுகளை வரிசையாக நட்டிருந்தார்கள். ஒன்று ஊதா, பக்கத்தில் இருப்பது பச்சை. ஒன்று நிமிர்ந்தது, ஒன்று தரையில் சாய்ந்தது. ஒன்றின் இலையுறையில் சுணை குத்துகிறது, அடுத்ததில் வழுவழுப்பு. எல்லாம் உடன்பிறந்தவை. கரணை வைத்துப் பழகிய எனக்கு, ஒரு கரும்பின் பிள்ளைகள் இவ்வளவு வேறுபடும் என்பது அன்றுதான் உடம்பில் உறைத்தது. ஆயிரக்கணக்கான நாற்றுகளை இப்படி வளர்த்து, சாறு பிழிந்து, நோய் கொடுத்துச் சோதித்து, ஆண்டுதோறும் கழித்துக்கொண்டே போய், பத்துப் பன்னிரண்டு வருடங்களில் ஒன்றுக்குப் பெயர் வைக்கிறார்கள். அந்த ஒன்றைக் கரணை போட்டுப் பெருக்கினால் போதும். பூவில் சீட்டைக் குலுக்குவது, பிடித்த கை வந்ததும் கரணையில் அதை நிறுத்தி வைப்பது: கரும்புக்கு இந்த இரண்டு வழியும் இருப்பதுதான் அந்த நிலையத்தின் வேலையைச் சாத்தியமாக்கியது.

கோ 205-இன் கதையில் இன்னொரு விஷயம் இருக்கிறது. வெள்ளைக்கு 80 குரோமோசோம்கள், காட்டுப்புல்லுக்கு 64. ஆளுக்குப் பாதி தந்தால் பிள்ளைக்கு 40-உம் 32-உம் சேர்ந்து 72 இருக்க வேண்டும். எண்ணிப் பார்த்தால் 112. தந்தை தன் பாதியான 32-ஐத்தான் தந்திருக்கிறது. தாய் பாதியாகக் குறைக்காமல் 80-ஐயும் அப்படியே தந்துவிட்டது. இனிப்புக் கரும்பு தாயாகவும் காட்டுப்புல் தந்தையாகவும் இருக்கும்போது நடக்கும் இந்த விந்தையை ஜாவாவில் பிரெமர் என்ற டச்சு ஆய்வாளர் கண்டார். பாதிக்குப் பாதி என்ற பொது விதிக்கு இது விலக்கு. இந்த விலக்குதான் நமக்கு வாய்த்த அதிர்ஷ்டம். காட்டுத் தந்தையோடு சேர்ந்தும் பிள்ளையில் சர்க்கரை அடிபட்டுப் போகாமல் காத்தது தாய் முழுதாகக் கொடுத்த அந்த எண்பதுதான்.

கோயம்புத்தூரில் குரோமோசோம்களை நுண்ணோக்கியில் எண்ணும் வேலையை முன்னெடுத்தவர் எ. க. ஜானகி அம்மாள். 1897-இல் தலச்சேரியில் பிறந்து, சென்னையில் ராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்து, அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1931-இல் டாக்டர் பட்டம் பெற்றவர். 1934-இல் இந்த நிலையத்துக்கு வந்தார். வேர்நுனியைச் சாயமேற்றி, கண்ணாடித் தகட்டில் நசுக்கி, நூறுக்கு மேற்பட்ட புள்ளிகளைத் தவறாமல் எண்ணுவது எவ்வளவு கண்வலி பிடித்த வேலை என்பது செய்து பார்த்தவருக்குத் தெரியும். கரும்பைச் சோளம், மக்காச்சோளம் போன்ற தூரத்து உறவுகளோடு சேர்த்துப் பார்த்த ஆய்வுகள் அப்போது அங்கே நடந்தன. கரும்பு–மக்காச்சோளக் கலப்பு ஜானகி அம்மாளுடையது. தனித்து வாழ்ந்த பெண், ஒடுக்கப்பட்ட சமூகத்தில் பிறந்தவர் என்பதால் அவர் பட்ட சங்கடங்களை அவர் வாழ்க்கையை ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். 1939-இல் எடின்பரோ மரபியல் மாநாட்டுக்குப் போனவர் போர் மூண்டதால் இங்கிலாந்திலேயே தங்கினார். அங்கே மரபியலாளர் டார்லிங்டனுடன் சேர்ந்து எழுதிய பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் அட்டவணை நூல் 1945-இல் வெளிவந்தது. கடைசிக் காலத்தில் மதுரவாயலில் இருந்த ஆய்வுக்கூடத்தில் வேலை செய்துகொண்டே 1984-இல் மறைந்தார். கரும்பு பயிரிடும் வீடுகளில் அவர் பெயர் தெரிந்திருக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

கோ 205-ஓடு வேலை முடியவில்லை. காட்டு ரத்தம் அதிகம் இருந்தால் ஆலைக்கு உதவாது. எனவே பிள்ளைகளை மறுபடி மறுபடி இனிப்புக் கரும்புகளோடு சேர்த்தார்கள். வடநாட்டு ஒல்லிக் கரும்பையும் ஜாவாக் கலப்புகளையும் உள்ளே கொண்டுவந்தார்கள். 1933-இல் வந்த கோ 419 தென்னாட்டை ஆண்ட கரும்பு. ஜாவாவின் பிஓஜே 2878 தாய், கோ 290 தந்தை. என் காலத்துப் பெரியவர்கள் அதன் தடிமனைப் பற்றிப் பேசும்போது இரண்டு கையாலும் வட்டம் போட்டுக் காட்டுவார்கள்.

கோ 421, கோ 312 என்ற இரண்டின் விதைப்பஞ்சு தென்னாப்பிரிக்காவின் நட்டாலுக்குப் போய் அங்கே முளைத்தது. அதில் தேறிய ஒன்று என்கோ 310, 'என்' நட்டாலுக்கு, 'கோ' கோயம்புத்தூருக்கு. அது தைவானிலும் ஒகினாவாவிலும் லூயிசியானாவிலும் பரவியது. அதே தாய் தந்தையின் இன்னொரு பிள்ளையான என்கோ 376 தென்னாப்பிரிக்காவிலேயே பல்லாண்டு முதல் பயிராக நின்றது. ஒரே வீட்டில் பிறந்த இரண்டுக்கு இரண்டு ஊர்.

வெங்கட்ராமன் 1942-இல் ஓய்வு பெற்றார். 1956-இல் பத்மபூஷண் கிடைத்தது. இன்று உலகில் பயிராகும் கரும்புகளில் நூறு முதல் நூற்று முப்பது வரை குரோமோசோம்கள். அதில் பத்து முதல் இருபது விழுக்காடு அந்தக் காட்டுப்புல் வழி வந்தது, மீதியில் பெரும்பகுதி இனிப்புக் கரும்பு வழி. ஆனால் காட்டுத் தந்தையாகப் பயன்பட்ட செடிகள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. ஆற்றோரங்களில் ஆயிரமாயிரம் வகை காட்டுப்புல் இருக்க, நம் கரும்பெல்லாம் ஒரு சில தந்தையரின் வம்சம். எனக்கு இது கவலை தருகிறது. தமிழ்நாட்டில் என் பணிக்காலத்தின் பிற்பகுதியில் எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் 'எண்பத்தாறு முப்பத்திரண்டு'தான், கோ 86032. வடக்கே கோ 0238 உத்தரப் பிரதேசத்தின் பெரும்பகுதி கரும்பு நிலத்தைப் பிடித்தது. பிறகு கோதாவரியைச் சூறையாடிய அதே செவ்வழுகல் அதன் மேலும் ஏறியது.

இதற்கான மாற்று மருந்துக் கடையில் கிடைக்காது. வேறு காரணிகள் உள்ள வேறு கரும்பில்தான் இருக்கும். அப்படிப்பட்ட கரும்புகளை உலகம் முழுவதிலிருந்தும் திரட்டிக் கேரளத்தின் கண்ணூரில் வளர்க்கிறார்கள். இந்த அளவுக்கு விரிந்த இன்னொரு சேகரிப்பு அமெரிக்காவின் மயாமியில் இருக்கிறது. இவற்றை விதையாக உறையில் போட்டு வைத்துக் காப்பாற்ற முடியாது. விதை போட்டால் சீட்டு குலைந்துவிடும், பழைய ரகம் திரும்ப வராது. எனவே ஒவ்வொரு ரகத்தையும் கரணை வெட்டி, பெயர்ப்பலகை மாறாமல், திரும்பத் திரும்ப நட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.