மலிவான ஒயினும் ஒரு பட்ஜெட் உரையும்

புனேயில் நம் தமிழ்க் குடும்பங்கள் நாலைந்து ஒன்று கூடினால், யாராவது ஒருவர் மெதுவாக என்னை ஓரம் கட்டுவார். "சார், கடையில புதுசா நிறைய ஒயின் வந்திருக்கு. காசுக்கு ஏத்த மாதிரி எது நல்லா இருக்கும்?" ஊரில் 'ஒயின் ஷாப்' என்று போர்டு போட்டு மற்ற எல்லாம் விற்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். இங்கே நிஜமாகவே ஒயினுக்கென்று ஒரு முழு அலமாரி இருப்பதே பலருக்கு ஆச்சரியம்.

நான் பி.காம். படித்துவிட்டு வங்கியில் கணக்குப் பார்க்கிறவன். மணம், நாவில் தங்கும் சுவை பற்றியெல்லாம் பேச எனக்கு வராது. ஆனால் ஒரு பாட்டில் ஏன் அந்த விலைக்கு அந்த அலமாரியில் நிற்கிறது என்று கேட்டால் சொல்ல முடியும். அதற்கு 1857-ஆம் வருட லண்டனுக்குப் போக வேண்டும். கொஞ்சம் பொறுமையாகக் கூட வாருங்கள்.

கில்பீஸ் ஜின் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்த வால்டர் கில்பி, ஆல்ஃப்ரெட் கில்பி சகோதரர்கள் கிரிமியப் போரில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பி, 1857-இல் லண்டன் சோஹோ பகுதியில் ஒயின் கடை போட்டார்கள். அவர்கள் முதலில் விற்றது பிரெஞ்சு ஒயின் இல்லை; தென்னாப்பிரிக்காவின் கேப் காலனி ஒயின். ருசிக்காக அல்ல, வரிக்காக.

அப்போது பிரிட்டனில் வெளிநாட்டு ஒயினுக்கு ஒரு காலனுக்கு சுமார் 5 ஷில்லிங் 9 பென்ஸ் சுங்க வரி. காலனி நாட்டு ஒயினுக்கு அதில் பாதிதான். ஒரு காலனில் ஆறு பாட்டில், ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ். கணக்குப் போட்டால் பிரெஞ்சு பாட்டிலுக்கு வரி பதினொன்றரை பென்ஸ், கேப் பாட்டிலுக்கு ஆறு பென்ஸுக்கும் கீழே. இன்னொன்றையும் கவனியுங்கள். இது அளவின் மேல் போட்ட வரி. உயர்ந்த ஒயினுக்கும் சாதாரண ஒயினுக்கும் ஒரே தொகை. ஆகவே மலிவான பிரெஞ்சு ஒயின் கடைக்கே வர வழியில்லை. அந்த இடத்தைக் கேப் ஒயின் பிடித்துக்கொண்டது.

1860-இல் நிதியமைச்சர் கிளாட்ஸ்டன் தன் பட்ஜெட்டில் இதைப் புரட்டிப் போட்டார். அந்த ஜனவரியில் பிரான்ஸோடு கையெழுத்தான வர்த்தக ஒப்பந்தம் ஒரு காரணம். சாராயத்தை விட்டு மக்கள் சாப்பாட்டோடு லேசான ஒயின் குடிக்கட்டும் என்ற எண்ணம் இன்னொரு காரணம். காலனிக்கு ஒரு வரி, வெளிநாட்டுக்கு ஒரு வரி என்ற பேதம் போயிற்று. அதற்குப் பதிலாக ஒயினின் வீரியத்தை வைத்து வரி. 1862-இல் இது இரண்டு படியாக நிலைத்தது: 26 டிகிரிக்குக் கீழே இருந்தால் (இன்றைய கணக்கில் ஏறத்தாழ 15 சதவீத ஆல்கஹால்) காலனுக்கு 1 ஷில்லிங்; அதற்கு மேலே 2 ஷில்லிங் 6 பென்ஸ்.

கேப் ஒயின் பெரும்பாலும் பிராந்தி சேர்த்து வீரியம் ஏற்றியது. மேல் படியில் விழுந்தது. இப்போது பாட்டில் கணக்கு பாருங்கள். பிரெஞ்சு ஒயினுக்கு பதினொன்றரை பென்ஸ் வரி 2 பென்ஸ் ஆனது. கேப் ஒயினுக்கு ஏறத்தாழ ஆறு பென்ஸ் 5 பென்ஸ் ஆனது. அதாவது கேப் ஒயினுக்கு வரி கூடவே இல்லை, குறைந்தது! ஆனாலும் அது தோற்றது. சில வருடங்களிலேயே பிரிட்டனுக்கான கேப் ஏற்றுமதி சரிந்தது.

கில்பி சகோதரர்கள்? சுலபமாகப் பிரெஞ்சு ஒயினுக்கு மாறிவிட்டார்கள். 1861-இல் மளிகைக் கடைகளும் ஒற்றை பாட்டிலாக ஒயின் விற்கலாம் என்று சட்டம் வந்ததும், ஊர் ஊராக மளிகைக்காரர்களை ஏஜென்டாகப் பிடித்தார்கள். 1875-இல் பிரான்ஸிலேயே ஒரு திராட்சைத் தோட்டத்தையும் மாளிகையையும் வாங்கினார்கள். கடைக்காரருக்குச் சரக்கை மாற்றுவது ஒரு ஆர்டர் கடிதம். கேப் விவசாயிக்கு அது தோட்டம். கொடி நட்டுப் பலன் பார்க்கவே மூன்று வருடம் ஆகும்.

இதை ஏன் புனேயில் உட்கார்ந்து எழுதுகிறேன் என்றால், இதே கதை இங்கே பக்கத்திலேயே நடந்தது.

2001-இல் மகாராஷ்டிர அரசு திராட்சைப் பதப்படுத்தும் தொழிலுக்கென்று ஒரு கொள்கை கொண்டு வந்தது. மாநிலத் திராட்சையில் செய்த ஒயினுக்குக் கலால் வரி விலக்கு. நாசிக் பக்கம் வின்சூரிலும் சாங்லி பக்கம் பலூஸிலும் ஒயின் பூங்காக்கள். விவசாயிகள் ஆலைகளை நம்பி ஒயின் திராட்சை நட்டார்கள். இது நம் கம்பம் பன்னீர் திராட்சை மாதிரி கூடையில் வைத்து விற்கிற பழம் இல்லை. சின்னதாக, தோல் தடித்து, கொட்டையோடு இருக்கும். ஆலை வாங்காவிட்டால் சந்தையில் விலை கிடைக்காது. 2008-இல் உலகப் பொருளாதாரம் சரிந்தது, நவம்பரில் மும்பைத் தாக்குதல் நடந்து ஹோட்டல்கள் காலியாயின. ஒயின் தேங்கியது. பல விவசாயிகள் கொடியை வெட்டிவிட்டு மறுபடி சாப்பாட்டுத் திராட்சைக்குப் போனார்கள். கடன் கொடுக்கிற தொழிலில் இருப்பவன் என்பதால் சொல்கிறேன்: சலுகையை நம்பி நட்ட தோட்டத்துக்குக் கொடுத்த கடன், பாதி அந்தச் சலுகைக்கே கொடுத்த கடன்தான்.

2022 ஜனவரியில் பெரிய சூப்பர் மார்க்கெட்டுகளிலும் ஒயின் விற்கலாம் என்று மகாராஷ்டிர அமைச்சரவை முடிவெடுத்தது. கிளாட்ஸ்டனின் மளிகைக் கடை யோசனைதான், 161 வருடம் கழித்து! எதிர்ப்பு கிளம்பியது, நடைமுறைக்கு வரவில்லை.

சரி, கேட்ட கேள்விக்கு வருவோம். எதை வாங்குவது?

முதலில், இறக்குமதி. 2007-இல் ஒயினுக்கு அடிப்படைச் சுங்க வரி 150 சதவீதம் ஆனது. அந்த விகிதத்தில் 400 ரூபாய்க்குத் துறைமுகம் வந்த பாட்டில், வெளியே வரும்போதே 1,000. அதற்கு மேல் மாநில வரி, லாபம். ஆகவே ஒரே விலையில் இறக்குமதி ஒன்றும் நாசிக் ஒன்றும் இருந்தால், உங்கள் காசில் அதிகப் பங்கு ஒயினுக்குப் போவது நாசிக் பாட்டிலில்தான்.

இரண்டாவது, ஆஸ்திரேலிய ஒப்பந்தம் 2022 டிசம்பர் 29-இல் அமலுக்கு வந்தது. இறக்குமதி விலை 5 டாலருக்கு மேல் இருந்தால் வரி முதலில் 100 சதவீதம். 15 டாலருக்கு மேல் 75. இரண்டும் பத்து வருடத்தில் படிப்படியாக 50-க்கும் 25-க்கும் இறங்கும். ரொம்ப மலிவான ஆஸ்திரேலிய பாட்டிலுக்குச் சலுகையே இல்லை. நடுத்தர விலையில் தேடுங்கள்.

மூன்றாவது, பின் லேபிளைப் படியுங்கள். வெளிநாட்டுப் பெயர் இருந்தாலும் பாட்டிலில் அடைத்தது இந்தியாவிலா என்று பாருங்கள். வெள்ளை ஒயின் என்றால் அறுவடை வருடம் புதிதாக இருக்கட்டும். நாசிக்கில் அறுவடை ஜனவரி முதல் மார்ச் வரை. ஜன்னல் வெயிலில் நிற்கும் பாட்டிலை எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் தொடாதீர்கள்.

அடுத்த பட்ஜெட்டிலோ அடுத்த ஒப்பந்தத்திலோ இந்தக் கணக்கு மாறும். அலமாரியில் வேறு நாட்டுப் பெயர்கள் முன்வரிசைக்கு வரும், நாமும் மாறிக்கொள்வோம். அப்போது வின்சூரில் கொடி நட்டவருக்கு என்ன ஆனது என்று ஒரு நிமிடம் செய்தித்தாளில் தேடிப் பாருங்கள். நம் அலமாரியின் விலைப்பட்டியல் மாறுவதற்குக் கொடுக்கப்படும் விலை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.