யவன மதுவும் தகடூர்க் கள்ளும்

சரித்திரம் தேடிக்கொண்டு நான் பாப்பிரெட்டிப்பட்டிக்குப் போகவில்லை. தர்மபுரி மாவட்டத்து அந்த ஊரில் என் நண்பர் ஒருவர் இருக்கிறார். நாலு நாள் வந்து தங்கும்படி பல வருஷங்களாக அழைத்துக்கொண்டிருந்தார், போனேன். ஆனால் சரித்திரம் சில சமயம் நம்மைத் தேடிக்கொண்டு வந்துவிடுகிறது. அன்று அது ஒரு புட்டியின் உருவில் வந்தது.

நண்பரின் மகன் இத்தாலியில் உத்தியோகம் பார்க்கிறான். விடுமுறையில் வந்திருந்தவன், இரவுச் சாப்பாட்டுக்குச் சற்று முன் அந்தப் புட்டியைக் கொண்டுவந்து என் முன் வைத்தான். வயிறு பருத்த குடுவை; பாதி உடம்புக்கு உலர்ந்த புல்லால் பின்னிய சட்டை. "கியாந்தி, மாமா! டஸ்கனிப் பகுதியில் பிளாரன்ஸுக்கும் சியெனாவுக்கும் நடுவிலுள்ள குன்றுகளில் விளையும் திராட்சை மது. புதிதாகக் குடிப்பவர்களுக்கும் பிடிக்கும்" என்றான்.

இந்த மதுவுக்கு ஒரு கதை உண்டு. இத்தாலி ஒன்றுபட்ட பிறகு இரண்டு முறை பிரதம மந்திரியாக இருந்தவர் பெத்தினோ ரிக்காஸோலி. அரசியலை விட்டபின் தம் கோட்டையில் திராட்சையோடு காலம் கழித்தார். 1872-ஆம் ஆண்டு எழுதிய ஒரு கடிதத்தில் தம் பரிசோதனையின் முடிவைச் சொன்னார்: 'சாஞ்சோவேஸே' என்ற திராட்சை மணமும் வீரியமும் தரும், 'கனாயோலோ' அதன் கடுமையைத் தணிக்கும். ஒன்றின் முரட்டுத்தனத்தை மற்றொன்றின் சாது குணம் சமன் செய்கிறது. நல்ல தாம்பத்தியம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்! இன்றும் கியாந்தியில் நூற்றுக்கு 70 பங்காவது சாஞ்சோவேஸே இருக்கவேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம்.

குடிக்கும் முறையையும் பையன் சொன்னான். நம் ஊர் வெயிலுக்குப் புட்டியை அரைமணி நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து எடுக்கவேண்டும். பனிக்கட்டி போல் ஆக்கிவிட்டால் துவர்ப்புத்தான் மிஞ்சும். கண்ணாடிக் கிண்ணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றலாகாது. சற்றுக் காற்றாட விட்டு, முதலில் முகர்ந்து, பிறகு ஒரு வாய். முக்கியமாக, வெறும் வயிற்றில் அல்ல; சாப்பாட்டோடு. தக்காளியின் புளிப்புக்கும் இறைச்சியின் கொழுப்புக்கும் அது ஏற்ற துணையாம்.

நண்பரின் தகப்பனார் திண்ணையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "ஏனுங்க, இது சீமைக் கள்ளுதானே?" என்றார்.

"ஆமாம் ஐயா. ஆனால் நமக்குப் புதிதல்ல" என்று நான் உற்சாகமாக ஆரம்பித்தேன். புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் 1945-இல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது, இரண்டு காதுள்ள யவன ஜாடிகளின் துண்டுகள் கிடைத்ததைச் சொன்னேன். பின்னாளில் அவற்றை ஆராய்ந்த எலிசபெத் வில் அம்மையார், கிரேக்கத்துக் கோஸ் தீவின் மது ஜாடிகளோடு இத்தாலிய ஜாடிகளும் இருப்பதைக் கண்டறிந்தார். அங்கே கிடைத்த பளபளப்பான சிவப்பு மட்பாண்டத்துக்கு அரெஸ்ஸோ நகரத்தின் பெயர்தான் வழங்குகிறது. அந்த அரெஸ்ஸோவும் இந்தக் கியாந்தி பிறந்த டஸ்கனியில்தான் இருக்கிறது!

முதல் நூற்றாண்டில் ஒரு கிரேக்கன் எழுதிய 'பெரிப்ளூஸ்' என்ற கடல் வழிநூல், மேற்குக் கரையில் பரிகச்சத் துறைமுகத்தார் இத்தாலிய மதுவையே அதிகம் விரும்பினார்கள் என்கிறது. முசிறிக்கும் மது வந்தது, ஆனால் கொஞ்சம்தான். கொஞ்சமாக வந்தது யாருக்குப் போகும்? அரண்மனைக்குத்தான். யவனர் கொண்டுவந்த மணமுள்ள மதுவை வளையணிந்த மகளிர் பொற்கிண்ணத்தில் ஏந்தித் தர, தினமும் மகிழ்ந்திருக்கும்படி பாண்டியன் நன்மாறனை நக்கீரர் வாழ்த்தும் பாட்டு புறநானூற்றில் இருக்கிறது.

பெரியவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "பாண்டியனுக்குப் பொன்னு கிண்ணத்துல குடுத்தாங்க, சரிங்க. எங்க தாத்தாவுக்கு எங்க பாட்டி தாலியைக் கழட்டிக் குடுத்தாங்க."

என் சரித்திர உற்சாகம் அப்படியே அடங்கிவிட்டது.

தர்மபுரி தனி மாவட்டமானது 1965-இல். அதற்கு முன் இது சேலத்தைச் சேர்ந்த பூமி. சென்னை மாகாணத்தில் முதன்முதலாக மதுவிலக்கு வந்தது அந்தச் சேலம் மாவட்டத்தில்தான். 1937 அக்டோபர் முதல் தேதி, ராஜாஜியின் ஆட்சியில். கள்ளுக்கடை மூடிய பிறகுதான் தாத்தாவின் கூலி வீடு வந்து சேர்ந்தது என்று பெரியவர் சொன்னார். தாலி மட்டும் திரும்பி வரவில்லை.

வெகுநேரம் பேசாமல் இருந்தோம். அப்போது எனக்கு இந்த மண்ணின் பழைய அரசன் நினைவுக்கு வந்தான். இன்றைய தர்மபுரிதானே அன்றைய தகடூர்? அதியமான் நெடுமான் அஞ்சியும் கள் குடித்தவன்தான். அவன் இறந்தபோது அவ்வையார் பாடிய கையறுநிலைப் பாட்டு முதலில் அந்தக் கள்ளைத்தான் நினைத்து அழுகிறது. கொஞ்சம் கிடைத்தால் எங்களுக்கே தந்துவிடுவான். நிறையக் கிடைத்தால் நாங்கள் குடித்துப் பாட, மிச்சத்தைத் தான் அருந்தி மகிழ்வான் என்கிறார். நெல்லிக்கனியைத் தந்த அதே கை அல்லவா!

இதைப் பெரியவரிடம் சொன்னேன். அவர் முகம் கொஞ்சம் இளகியது. "அது மனுஷன்" என்றார். பிறகு பேரனைப் பார்த்து, "தொறடா. எனக்கு வேண்டாம். ஆனா மாடியில போயி ஒளிஞ்சு குடிக்காதீங்க. கூடத்துல, பொம்பளைங்க புள்ளைங்க சாப்பிடற எடத்துல வச்சுக் குடிங்க. அங்க வச்சா அளவு தெரியும்" என்றார்.

அப்படியே செய்தோம். நான் இரண்டு வாய் அருந்தினேன். முதலில் புளிப்பு; பின்னால் நாக்கைப் பிடிக்கும் துவர்ப்பு. நெல்லிக்காய் தின்று பழகிய நாக்குக்கு அது அந்நியமாகத் தோன்றவில்லை. கறிக்குழம்போடு நன்றாகவே இருந்தது. புட்டியில் பாதி மிச்சம் இருக்கும்போதே பையன் அதை மூடி வைத்துவிட்டான்.

மது அருந்தும் முறையைப் பற்றி ஐரோப்பியர்கள் எத்தனையோ புத்தகங்கள் எழுதியிருக்கிறார்கள். கிண்ணத்தின் வடிவம், குளிர்ச்சியின் அளவு எல்லாம் அவற்றில் உண்டு. பாப்பிரெட்டிப்பட்டிப் பெரியவர் சொன்ன விதியை மட்டும் அவற்றுக்கெல்லாம் முன்னால் எழுதிவைக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.