எல்லைப்புறப் பேச்சும் இலக்கமுறை ஒலிநாடாவும்

தமிழும் தெலுங்கும் தலைமுறைகளாக அருகருகே வழங்கும் வட்டாரத்தைச் சேர்ந்தது நாராயணவனம். 1911இல் அமைக்கப்பட்ட சித்தூர் மாவட்டம் 1953இல் ஆந்திர மாநிலத்தோடு இணைந்தது. 1960இல் திருத்தணி சென்னை மாநிலத்திற்கு மாறியபோதும் இவ்வூர் ஆந்திரத்திலேயே நின்றது. 2022 முதல் திருப்பதி மாவட்டத்தில் உள்ளது. ஆட்சியெல்லை ஆணையால் ஒரே நாளில் மாறும். பேச்செல்லை படிப்படியாகவே மாறும். அம்மாற்றத்தை எழுத்து முழுமையாகக் காட்டுவதில்லை. தெலுங்கில் சொல்முதலில் ஒலிப்புடை வெடிப்பொலியும் ஒலிப்பிலா வெடிப்பொலியும் பொருளை வேறுபடுத்துகின்றன. தமிழெழுத்து அவ்வேறுபாட்டைக் குறிப்பதில்லை. எனவே இருமொழியாளர் பேச்சை ஆராய்வோர்க்கு ஒலிப்பதிவே முதற்சான்றாகும்.

கிரியர்சனின் இந்திய மொழி அளவாய்வு சென்னை மாகாணத்தில் நடைபெறவில்லை. அக்குறையை ஓரளவு நிரப்பியவை மாகாண மொழிகளையும் கிளைமொழிகளையும் பதிவுசெய்த கிராமபோன் தட்டுகள். அவற்றிற்குரிய உரைப்பகுதிகளைச் சென்னை அரசு அருங்காட்சியகம் 1927இல் நூலாக வெளியிட்டது. ஒலியோடு அதன் உரையும் காக்கப்பட வேண்டும் என்னும் நெறிக்கு இஃது ஒரு முன்னோடி எனலாம்.

1987இல் சோனி நிறுவனம் அறிமுகப்படுத்திய இலக்கமுறை ஒலிநாடா (டாட்) 1990களில் கள ஆய்வாளரிடையே பரவியது. நிமிடத்திற்கு 2000 முறை சுழலும் உருளையில் பொருத்தப்பட்ட முனைகள், 3.81 மி.மீ. அகல நாடாவில் ஒலியை எண்களாகப் பதிக்கின்றன. ஒரு சுழற்சிக்கு 30 மில்லிநொடி ஆகும். ஒரு முனையில் அழுக்கேறினால் மாதிரிகளில் பாதி கிடைப்பதில்லை; எஞ்சியவற்றைக் கொண்டு கருவி இடைவெளியைக் கணித்து நிரப்புகிறது. செவி இதனை உணராமற்போகலாம். ஆயின் வெடிப்புக்கும் குரல்நாண் அதிர்வுக்கும் இடைப்பட்ட காலம் சில பத்து மில்லிநொடிகளே. அவ்விடத்தில் கணித்து நிரப்பப்பட்ட ஒலி பேசியவருடையதன்று.

ஆகவே நாடாவிலிருந்து கணிப்பொறிக்கு மாற்றுவது மறுஒலிப்பதிவு ஆகாது. எண்களைப் படியெடுக்கும் பணியே ஆகும். இலக்கமுறை இணைப்பின் வழியே, நொடிக்கு 48,000, 44,100, 32,000 என எவ்வீதத்தில் மாதிரிகள் பதிந்துள்ளனவோ அவ்வீதத்தை மாற்றாமல் எடுத்தல் வேண்டும். 48,000 வீதத்தில் பதிந்த ஒரு மணி நேர ஈரலைவரிசைப் பதிவு ஏறத்தாழ 690 மெகாபைட் ஆகும். நாடாவில் ஒலியோடு பதிந்துள்ள நாள், நேரக் குறிப்புகள் இவ்வழியில் முழுமையாக வந்துசேர்வதில்லை. அவற்றையும், பிழை திருத்தப்படாத இடங்களையும் குறித்துக் கோப்போடு சேர்த்தல் இன்றியமையாதது.

2005இல் சோனி டாட் கருவிகளின் உற்பத்தியை நிறுத்தியது. பழுதுபார்க்க உதிரிப்பாகங்களும் அரிதாயின. காந்த நாடாக்களை இயக்கும் வாய்ப்பு 2025 அளவில் பெரும்பாலும் அற்றுப்போகும் என யுனெஸ்கோவும் பன்னாட்டு ஒலி, ஒளி ஆவணக் காப்பகச் சங்கமும் 2019இல் தொடங்கிய திட்டத்தின் வழியே எச்சரித்தன. எழுதப்பட்ட உரையைப் பின்னரும் மொழிபெயர்க்கலாம், திருத்தலாம். பேச்சின் வெடிப்பொலியை உரையிலிருந்து மீட்டெடுக்க இயலாது. எல்லைப்புறப் பேச்சின் நாடாக்கள் எவையெனக் கண்டறிந்து, இயங்கும் கருவி உள்ளபோதே அவற்றைப் படியெடுத்தல் மொழியியலாரின் உடனடிக் கடமையாகும்.