வாழ்த்து அட்டையில் மின்னும் தூளுக்கும் ஒரு வரலாறு உண்டு



கையால் செய்யும் வாழ்த்து அட்டைகளுக்கு மெருகூட்ட இன்று எழுதுபொருள் கடைகளில் பலவகைப் பொருள்கள் கிடைக்கின்றன. அவற்றுள் ஒன்று 'எம்போசிங் பவுடர்' எனப்படும் புடைப்புத்தூள். பார்ப்பதற்குக் கோலமாவு போன்றிருக்கும் இத்தூள், சூடு பட்டவுடன் உருகி, பொன்னெழுத்தாகவோ வெள்ளிக் கோடாகவோ தாளின்மேல் புடைத்து நிற்கும். இதன் பின்னணியைத் தேடிப் படித்தபோது, அது நம் வகுப்பறை வரைக்கும் நீள்வதை உணர்ந்தேன். அதனை இங்குப் பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் செய்முறையைச் சுருக்கமாகக் காண்போம். விரைவில் காயாத மையை ரப்பர் முத்திரையில் ஒற்றி, அட்டையில் பதிக்க வேண்டும். ஈரம் உலர்வதற்குள் தூளைத் தூவ வேண்டும். மை உள்ள இடத்தில் மட்டும் தூள் ஒட்டிக்கொள்ளும். எஞ்சியதை ஒரு தாளில் தட்டிக்கொட்டி மீண்டும் புட்டியில் சேர்த்துவிடலாம். பின்னர், சூடான காற்றை ஊதும் சிறு கருவியால் வெப்பமூட்டினால், பிசின் துகள்கள் உருகி ஒன்றோடொன்று கலந்து, ஆறியதும் பளபளப்பாக இறுகிவிடும். தலைமுடி உலர்த்தும் கருவி இதற்குப் பயன்படாது. அதன் வெப்பம் போதாது; காற்றோ தூளைப் பறக்கடித்துவிடும்.

ஈரத்தின்மேல் பொடி தூவி அழகு செய்யும் எண்ணம் மிகப் பழைமையானது. ஜப்பானியர், ஹெயான் காலத்திலேயே (794–1185), ஈரமான அரக்குப் பூச்சின்மேல் பொற்பொடி தூவி ஓவியம் தீட்டும் 'மக்கி-எ' கலையை வளர்த்தனர். விற்பனைக்கு அச்சிட்ட கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை தோன்றியதோ 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில்.

1840இல் அங்கு ஒரு பென்னி அஞ்சல் முறை நடைமுறைக்கு வந்தது. கடிதம் அனுப்பும் செலவு வெகுவாகக் குறைந்தது. அம்முறையை நிறுவுவதில் பங்காற்றியவர்களுள் ஒருவர் ஹென்றி கோல். 1843இல், நண்பர்கள் அனைவருக்கும் தனித்தனியே மடல் எழுத நேரமின்றி, ஜான் கால்காட் ஹார்ஸ்லி என்னும் ஓவியரைக் கொண்டு ஒரு கிறிஸ்துமஸ் அட்டையை வரையச் செய்தார். நடுவில் ஒரு குடும்பம் விருந்துண்கிறது. இருபுறமும் ஏழைகளுக்கு உணவும் உடையும் வழங்கும் காட்சிகள். கல்லச்சில் அடித்து, கையால் வண்ணம் தீட்டப்பட்ட அவ்வட்டையின் விலை ஒரு ஷில்லிங். அன்றைய எளிய தொழிலாளிக்கு அது சிறு தொகையன்று. படத்தில் ஒரு குழந்தை மது அருந்துவதாகக் காட்டியதற்காக, மதுவிலக்கு ஆதரவாளர்களின் கண்டனமும் எழுந்தது.

அதன்பின் அட்டைகள் பெருகின. தாளை அச்சுகளுக்கிடையே அழுத்திப் புடைக்கச் செய்தனர். ஓரங்களைச் சரிகை போல் வெட்டினர். பனி படர்ந்தது போன்ற மினுமினுப்புக்காகக் கண்ணாடியைப் பொடித்துத் தூவினர். பார்ப்பதற்கு அழகுதான். ஆயினும், கண்ணாடித்தூள் மூச்சோடு கலந்தால் என்னவாகும் என்பதை நாம் அறிவோம். அட்டையை வாங்கியவர் மின்னலை மட்டுமே கண்டார். தூவிய கைகளை யாரும் எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

புடைத்து நிற்கும் எழுத்து, செல்வர்களின் அடையாளமாகவும் இருந்தது. செப்புத்தகட்டில் எழுத்தைச் செதுக்கி அச்சடித்தால், மை தாளின்மேல் சற்றே எழும்பி நிற்கும். விரலால் தடவினால் தெரியும். ஆனால், தகடு செதுக்குவதற்குச் செலவு மிகுதி. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஈர மையின்மேல் பிசின்தூளைத் தூவி, சூடேற்றி, அதே தோற்றத்தைக் குறைந்த செலவில் பெறும் அச்சுமுறை பரவியது. இதற்குத் 'தெர்மோகிராபி' என்று பெயர். நம் திருமண அழைப்பிதழ்கள் சிலவற்றில் எழும்பி நிற்கும் எழுத்துகள் இம்முறையில் அமைந்தவையே. கைவினைஞர் கையிலுள்ள புடைப்புத்தூள், அச்சகத்திலிருந்து வீட்டு மேசைக்கு இறங்கி வந்த அதே நுட்பம்தான்.

ஆசிரியர் என்ற முறையில் என்னைக் கவர்ந்த செய்தி வேறொன்று. ஹென்றி கோல், இன்று விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் எனப்படும் நிறுவனத்தின் முதல் இயக்குநர். ஓவியக் கல்வியை நாடெங்கும் பரப்ப உழைத்தவர். அமெரிக்காவில் வாழ்த்து அட்டையை வளர்த்த லூயி பிராங்கும் அத்தகையவரே. 1824இல் பிரெஸ்லாவ் நகரில் பிறந்து, 1850இல் அமெரிக்காவில் குடியேறிய அவர், நிறத்திற்கு ஒரு கல் வீதம் பல கற்களைக் கொண்டு வண்ணப்படங்களை அச்சிட்டார். 1875இல் அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் அட்டைகளை விற்பனைக்குக் கொண்டுவந்தார். 1880இல் அவர் நடத்திய அட்டை ஓவியப் போட்டியில், ரோசினா எம்மெட் என்னும் பெண் ஓவியர் 1,000 டாலர் முதற்பரிசு பெற்றார். பிராங் பள்ளிகளுக்கான ஓவிய நூல்களையும் வண்ணங்களையும் தயாரித்து வழங்கினார். மாசசூசெட்ஸ் மாநிலம் 1870இலேயே பொதுக்கல்வியில் ஓவியத்தைச் சேர்த்துச் சட்டம் இயற்றியிருந்தது. கையும் கண்ணும் பழகினால்தான் நல்ல தொழிலும் வளரும் என்று அக்காலத்தவர் நம்பினர்.

நம் நிலை என்ன? யூ.பி.எஸ்.ஆர். தேர்வு நடைமுறையில் இருந்த காலத்தில், காட்சிக்கலைப் பாடவேளையைக் கணிதத்திற்கோ அறிவியலுக்கோ 'கடன்' கொடுத்த வகுப்புகளை நான் அறிவேன். அக்கடன் திரும்பி வந்ததேயில்லை. 2021இல் அத்தேர்வு நீக்கப்பட்டது. ஆயினும், கலைப்பாடம் இரண்டாம்தரமானது என்னும் எண்ணம் நீங்கிவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை. கோணல்மாணலாக வெட்டும் பிள்ளையின் கை, நான்காவது அட்டையில் நேராக வெட்டுகிறது. 'வாழ்த்துகள்' என்பதில் ஒற்று மிகுமா என்று கேட்கும் பிள்ளை, இலக்கணத்தைத் தேவை கருதிக் கேட்கிறது. இவற்றுக்கு எந்தத் தேர்விலும் புள்ளியில்லை.

தீபாவளி நெருங்கும்போது அஞ்சல்காரர் கொண்டுவரும் அட்டைகளை நூலில் கோத்துச் சுவரில் தொங்கவிட்ட தலைமுறை எங்களுடையது. இன்று வாழ்த்து கைப்பேசியில் வந்து, அடுத்த செய்தியின் கீழ் மறைந்துபோகிறது. அதைக் குறைகூறிப் பயனில்லை. ஆனால், பிள்ளை தன் கையால் செய்த ஓர் அட்டையைப் பாட்டி தலையணைக்கடியில் வைத்துக்கொள்வார்.

பெற்றோருக்கும் சக ஆசிரியர்களுக்கும் இரண்டு குறிப்புகள். வெப்பமூட்டும் வேலையைப் பெரியவர்களே செய்ய வேண்டும். கருவியின் முனை கையைச் சுட்டுவிடும். அடுத்து, தூளை அளவோடு பயன்படுத்துங்கள். பிளாஸ்டிக்கால் ஆன மினுக்குத்தூளை உதிரியாக விற்பதற்கு, ஐரோப்பிய ஒன்றியம் 2023 அக்டோபரில் தடை கொண்டுவந்தது. அது மண்ணிலும் நீரிலும் மக்காமல் தங்கிவிடும் என்பதே காரணம். புடைப்புத்தூள் உருகி அட்டையோடு ஒட்டிக்கொண்டாலும், இன்று விற்பவற்றுள் பெரும்பாலானவை செயற்கைப் பிசினே. ஆகவே, அட்டை முழுதும் மின்ன வேண்டியதில்லை. விளக்கின் சுடர் மட்டும், அல்லது பொங்கல் பானையின் விளிம்பு மட்டும் மின்னினால் போதும்.

அந்தச் சிறு சுடரைப் பிள்ளையே தூவட்டும். அதற்குரிய பாடவேளையை அவர்களிடமிருந்து நாம் கடன் வாங்காதிருப்போம்.