பத்து நிமிடச் சாட்சியம்

கட்டடம் இடிந்தால் கல்லேனும் கிடக்கும். ஏடு செல்லரித்தாலும் சில வரிகள் மிஞ்சும். இசை மட்டும் ஒலித்த கணத்திலேயே மறைந்துவிடுவது. பாடியவர் மறைந்தபின் பாட்டின் சொற்கள் தங்கலாம்; பாடிய முறை தங்குவதில்லை.

அரபு இலக்கியத்தில் இதற்கு ஒரு பெரும் சான்று உண்டு. ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்து, கி.பி. 967இல் மறைந்த அபுல் ஃபரஜ் அல் இஸ்ஃபஹானீ 'கிதாபுல் அகானீ' என்னும் பெருந்தொகுப்பை ஆக்கினார். பாடல்களின் சொற்கள், அவற்றைப் பாடியோர் வரலாறு, தாள வகை, 'ஊது' என்னும் நரம்புக் கருவியில் எந்த விரலை வைத்து வாசிப்பது என்னும் குறிப்பு வரை அதில் பதிவு செய்துள்ளார். இத்தனை இருந்தும், அப்பாடல்களில் ஒன்றையேனும் பக்தாத் அவையில் ஒலித்தவாறே இன்று ஒலிக்கச் செய்ய எவராலும் இயலாது. எழுத்துக்கு எட்டாத ஏதோ ஒன்று அங்கே நழுவிவிட்டது.

இசை ஆகுமா, ஆகாதா என்னும் வினாவை மார்க்க அறிஞர்கள் விரிவாக ஆராய்ந்துள்ளனர். அவ்விவாதத்தில் நாம் இங்கே புகவில்லை. ஒரு மக்கட் கூட்டத்தின் குரல் எவ்வாறு காக்கப்படுகிறது, எவ்வாறு இழக்கப்படுகிறது என்னும் வரலாற்றையே எடுத்துக்கொள்கிறோம்.

அமெரிக்கக் குறும்படங்கள்

ஊமைப்பட நாள்களில் பெரிய கொட்டகைகள் வாத்தியக் குழுக்களைச் சம்பளம் கொடுத்து வைத்திருந்தன. அக்குழுக்களைப் படத்திலேயே அடக்கிவிட்டால் செலவு மிச்சம் என்று கண்டோர் குறும்படங்கள் எடுக்க முற்பட்டனர். 1923 ஏப்ரல் 15 அன்று லீ டி ஃபாரஸ்ட் என்பவர், ஓசையைப் படச்சுருளிலேயே பதித்த குறும்படங்களை நியூயார்க்கில் காட்டினார். 1926 ஆகஸ்டு 6 அன்று வார்னர் நிறுவனம், படத்தோடு இசைத்தட்டைச் சேர்த்து ஓட்டும் 'வைட்டாஃபோன்' முறையை அரங்கேற்றியது. ஒரு சுருள் ஏறத்தாழப் பத்து நிமிடம் ஓடும். முதலில் ஐரோப்பியச் செவ்விசைக் கலைஞர்கள் தோன்றினர். பின்னர் ஜாஸ் குழுக்களும் வரலாயின. கொட்டகை வாத்தியக்காரர் ஆயிரக்கணக்கானோர் இதனாலேயே வேலை இழந்தனர் என்பதையும் மறப்பதற்கில்லை.

1929இல் டட்லி மர்ஃபி என்னும் இயக்குநர் இரு குறும்படங்கள் எடுத்தார். ஒன்றில் டியூக் எல்லிங்டனின் குழு வாசித்தது. மற்றொன்றில் பெஸ்ஸி ஸ்மித் என்னும் கறுப்பினப் பாடகி பாடினார். 1937இல் அவர் சாலை விபத்தில் மாண்டார். அவர் பாடுவதைக் கண்ணால் காண இன்று உலகில் எஞ்சியிருப்பது அந்தப் பதினாறு நிமிடப் படம் ஒன்றே. அவருக்கு முன் நியூ ஆர்லியன்ஸ் நகரில் ஜாஸ் இசைக்கு வழி வகுத்தவராகப் போற்றப்படும் பட்டி போல்டனுக்கோ படமும் இல்லை, இசைத்தட்டும் இல்லை. கேட்டவர் சொன்ன கதைகளே மிச்சம்.

படக்கருவி நேர்மையான சாட்சி என்று எண்ணிவிடலாகாது. 1932இல் வந்த ஒரு குறும்படத்தில் லூயி ஆம்ஸ்ட்ராங் என்னும் மாபெரும் கலைஞருக்குச் சிறுத்தைத் தோலை உடுத்தி, காட்டுமிராண்டி போல நிறுத்தினர். அன்றைய வெள்ளையர் பார்வை அது. ஆயினும் அவர் ஊதுகுழலை உதட்டில் வைத்த மாத்திரத்தில் அந்த வேடம் நம் கண்ணுக்கு மறைந்து, கலைஞரே எஞ்சுகிறார். இழிவுபடுத்த நினைத்தவர்களின் படமே அவர் பெருமைக்குச் சாட்சியாயிற்று.

காவிரிக் கரையில்

இந்த அமெரிக்கக் கதைக்கும் தஞ்சைத் தரணிக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. இராணுவ ஊர்வலங்களுக்குரிய கிளாரினெட், கார்னெட் முதலிய கருவிகள் நியூ ஆர்லியன்ஸில் கறுப்பின மக்கள் கைக்கு வந்து புதிய இசையாய் மாறின. தஞ்சையிலும், 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர் ஐரோப்பிய முறையில் அரண்மனை பாண்டு வாத்தியம் வைத்திருந்தார். அவ்வழி வந்த கிளாரினெட், சின்னமேளத்திலே புகுந்து இராகம் பேசக் கற்றுக்கொண்டது. வந்த கருவியைத் தமதாக்கிக்கொள்ளும் ஆற்றல் இரு மண்ணுக்கும் இருந்தது. அதைப் படமாக்கிக் காத்து வைக்கும் வாய்ப்பில்தான் நாம் பின்தங்கினோம்.

தொடக்கம் நன்றாகவே இருந்தது. 1931 அக்டோபர் 31 அன்று சென்னை 'கினிமா சென்ட்ரல்' கொட்டகையில் 'காளிதாஸ்' என்னும் முதல் தமிழ்ப் பேசும்படம் திரையிடப்பட்டது. அந்நிகழ்ச்சியில் குறத்தி நடனமும், தேசியப் பாடல்களும், தியாகராஜ கீர்த்தனைகளும் இடம்பெற்றன. ஆடியும் பாடியும் தோன்றியவர் தஞ்சை மாவட்டத்தில் பிறந்த டி.பி. இராஜலக்ஷ்மி. தியாகராஜர் வாழ்ந்து மறைந்த திருவையாற்றின் பெயரையே முதலெழுத்தாகத் தாங்கியவர் அவர். அமெரிக்கக் குறும்படங்களுக்கு நேரான முயற்சி இது. இரண்டே ஆண்டுகள் பிந்தியது. ஆனால் அப்படத்தின் பிரதி ஒன்றும் இன்று இல்லை. அதே ஆண்டு மார்ச் 14 அன்று பம்பாயில் வெளியான 'ஆலம் ஆரா'வில் பக்கீர் வேடத்தில் வஸீர் முஹம்மது கான் பாடியதே இந்தியப் பேசும்படத்தின் முதற்பாட்டு. அப்படமும் அழிந்தது.

நாகூருக்கு அருகிலுள்ள திருமருகலில் 1898இல் பிறந்தவர் நாதசுரச் சக்கரவர்த்தி திருவாவடுதுறை டி.என். இராஜரத்தினம் பிள்ளை. அவருடைய தோடி இராகம் இசைத்தட்டில் நிலைத்தது. எனினும் தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாகவே ஓடும். அவரோ இரவு முழுதும் வீதியில் நின்று வாசித்தவர். 1940இல் எல்லிஸ் ஆர். டங்கன் அவரைத் திரைக்கு அழைத்தார். அதுவும் கவி காளமேகமாக வேடம் புனைவதற்கே! 1956இல் அவர் மறைந்தார். தஞ்சை அரண்மனை இசைமரபில் வந்த பாலசரஸ்வதியின் நடனத்தைச் சத்யஜித் ராய் 1935இல் சிறுவராக இருந்தபோதே கல்கத்தாவில் கண்டார். அவரைப் பற்றிய குறும்படத்தை ராய் எடுத்து முடித்தது 1976இல். ஆடியவருக்கு அப்போது வயது ஐம்பத்தெட்டு. பெஸ்ஸி ஸ்மித்தின் இளமையைக் காத்த படச்சுருள், நம் பாலசரஸ்வதியின் முதுமையைத்தான் காத்தது.

சனதும் சாட்சியும்

அப்படியானால் நம் இசை எவ்வாறு பிழைத்தது? ஹதீஸ் கலையில் நாம் 'சனது' என்கிறோமே, அத்தகைய ஆசிரிய மாணவத் தொடரால் பிழைத்தது. ஆந்திரத்துக் கரவதி கிராமத்தில் 1924இல் பிறந்த ஷேக் சின்ன மௌலானா சாகிபு, பரம்பரை நாதசுரக் குடும்பத்து முஸ்லிம். தஞ்சைப் பாணியைக் கற்கவேண்டி நாச்சியார்கோவிலுக்கு வந்து, இராஜம், துரைக்கண்ணு சகோதரர்களிடம் பயின்றார். பின்னர் ஸ்ரீரங்கத்தில் குடியேறி மாணவர்களை உருவாக்கினார். 1998இல் சங்கீத கலாநிதி விருது பெற்று, 1999இல் மறைந்தார். கொடுக்க மனமுள்ள ஆசிரியரும், தேடி வந்த மாணவரும் இருந்ததால் அந்தத் தொடர் அறுபடவில்லை.

ஆனால் மாணவர் வராத கலைகளின் கதி என்ன? நாகூரில் தாயிரா கொட்டிப் பாடும் பக்கீர்மார்களின் பாட்டு, கூத்தாநல்லூரிலும் அதிராம்பட்டினத்திலும் நம் பாட்டிமார் பிள்ளையைத் தூங்க வைக்கப் பாடிய தாலாட்டு, பெண்கள் கூடியோதிய முனாஜாத்து, இவற்றுக்கெல்லாம் இன்று எத்தனை மாணவர் உளர்? பாட்டுப் புத்தகம் அச்சில் இருக்கலாம். 'கிதாபுல் அகானீ'யும் அச்சில்தான் இருக்கிறது.

அன்று படமெடுக்கப் பெருநிறுவனம் வேண்டியிருந்தது. இன்று ஒவ்வொரு வீட்டிலும் கைப்பேசி இருக்கிறது. பத்து நிமிடம் போதும். பாடுவோரின் இசைவைப் பெறுங்கள். முகம் காட்ட விரும்பாத மூதாட்டியாயின் குரலை மட்டும் பதியுங்கள். பாட்டை நடுவில் வெட்டாமல் முழுவதும் பதியுங்கள். பாடியவர் பெயர், ஊர், நாள், யாரிடம் கற்றார் என்பதையும் அவர் வாயாலேயே சொல்லச் செய்து சேருங்கள். சனதில்லாத செய்தியை நம் முன்னோர் ஏற்றதில்லை. பெயரும் ஊரும் இல்லாத பதிவும் நாளை எவருக்கும் பயன்படாது. ஒரு பிரதியோடு நில்லாமல் இரண்டு மூன்று இடங்களில் வையுங்கள். 'காளிதாஸ்' படத்தின் கதி நமக்குப் பாடமாகட்டும்.

பாட்டியின் குரல் நாளைக்கும் இருக்கும் என்று எண்ணியே நாம் ஒத்திப்போடுகிறோம். இந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வீடு திரும்பியதும், அவர் அருகில் அமர்ந்து பாடச் சொல்லிக் கேளுங்கள்.