நம் மலை, நம் வரலாறு: சுவர் ஏன் ஈரம் காக்கிறது?



ஐப்பசி மழை தொடங்கியதும் சங்க அலுவலகத்துக்கு முதலில் வருவது சுவர் ஈரம் பற்றிய புகார்தான். பழைய பங்களாப் பகுதியில் சிமென்ட் பூசிய இடமே மறுபடி பெயர்ந்து விழுகிறது. காரணம் அந்தச் சுவரின் வயதில் இருக்கிறது.

1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் சேர்வராயன் மலையில் காபியை அறிமுகப்படுத்தினார். தோட்டங்களோடு பங்களாக்களும் எழுந்தன. போர்ட்லாண்ட் சிமென்ட்டுக்கு இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை பெற்றதே 1824இல்தான். ஆகவே அன்றைய கொத்தனார்களின் கையில் இருந்தவை கல்லும் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும்தான். 1865இல் மங்களூரில் பாசல் மிஷன் ஓட்டுத் தொழிற்சாலை வந்தபின் மங்களூர் ஓடும் தென்னகக் கூரைகளில் ஏறியது.

சுண்ணாம்புச் சுவர் மண்பானை போன்றது. மழையில் ஈரம் உறிஞ்சும், வெயிலில் வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்குகிறது. உப்புப் பூத்துப் பூச்சு உதிர்கிறது, மரச்சட்டங்களைக் கரையான் பிடிக்கிறது, அறையில் பூஞ்சை படர்கிறது. ஆஸ்துமா உள்ள மூத்தவர்களுக்கு அந்த அறை ஆகாது.

சென்னை சேப்பாக்கத்தில் ஆற்காடு நவாப் 1768இல் கட்டிய அரண்மனையின் கலச மஹால், 2012 ஜனவரியில் தீயில் சேதமடைந்தது. பொதுப்பணித் துறை அதைச் சுண்ணாம்புக் கலவை கொண்டே புதுப்பித்தது. கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த நீரைச் சுண்ணாம்பில் சேர்ப்பது நம் ஊர்க் கொத்தனார்கள் அறிந்த பழைய முறை.

சிமென்ட் கெட்டது என்று சொல்லவரவில்லை. நம் புதிய பிளாக்குகள் கான்கிரீட் கட்டடங்கள். அங்கே சிக்கல் வேறு: விரிசல் வழியே ஈரம் இறங்கிக் கம்பி துருப்பிடித்து வீங்குகிறது, கான்கிரீட் பிளந்து விழுகிறது. உதிர்ந்த பகுதியை வெட்டி எடுத்து, துருவைச் சுரண்டி, கம்பிக்குப் பாதுகாப்புப் பூச்சு கொடுத்த பிறகே மேலே பூச வேண்டும். மேலோட்டமாகப் பூசி வெள்ளையடித்தால் துரு உள்ளே வளர்ந்துகொண்டே இருக்கும்.

எனவே ஒப்பந்ததாரரிடம் விலை கேட்கும் முன், எந்தப் பகுதி எதனால் கட்டப்பட்டது என்பதை நாம் குறித்து வைக்க வேண்டும். எல்லாச் சுவருக்கும் ஒரே மதிப்பீடு வாங்கினால், நம் பராமரிப்பு நிதி அடுத்த மழையில் கரைந்துவிடும். உங்கள் பகுதி கட்டப்பட்ட ஆண்டு, முன்பு நடந்த பழுதுவேலை, பழைய ரசீது, புகைப்படம் எது இருந்தாலும் அடுத்த பொதுக்குழுவுக்கு முன் அலுவலகத்தில் கொடுங்கள். நீண்ட காலம் இங்கே வாழும் மூத்தவர்களின் நினைவே இதற்கு முதல் ஆவணம்.